முதல் முறை மனம் பிறழும்போது: வீட்டார் கேட்கும் கேள்விகள்

என் தம்பிக்கு இது வந்தபோது அவனுக்கு 19 வயது, பொறியியல் இரண்டாம் ஆண்டு. முதல் அறிகுறிக்கும் முதல் மாத்திரைக்கும் நடுவில் எங்கள் வீட்டில் 11 மாதம் ஓடிவிட்டது. இப்போது மாதம் ஒருமுறை, இதே நிலையில் இருக்கும் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுகிறேன். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சைக்கோசிஸ் என்றால் என்ன? பைத்தியம் என்பது இதுதானா?

அந்தச் சொல்லை முதலில் வீட்டை விட்டு வெளியே அனுப்பிவிடுங்கள். "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்ற கேலியையும் சேர்த்து. நோயாளியின் காதில் அது விழுகிறது, பிறகு அவர் வாயே திறப்பதில்லை.

சைக்கோசிஸ், தமிழில் மனப்பிறழ்வு, என்பது ஒரு நிலை. எது நிஜம், எது மனம் கட்டியது என்று பிரித்தறியும் திறன் கொஞ்ச காலம் குலைந்துபோகிறது. யாரும் பேசாதபோது காதில் குரல் கேட்கும். யாரோ பின்தொடர்கிறார்கள், சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்ற சந்தேகம் அசைக்க முடியாத நம்பிக்கையாக உறைந்துவிடும். பேச்சு கோர்வையில்லாமல் போகலாம்.

எனக்குப் புரிந்த விளக்கம் ஒன்றைச் சொல்கிறேன். "இது முக்கியம், கவனி" என்று மூளை தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளும் சமிக்ஞையில் டோபமைன் என்ற ரசாயனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது தறிகெட்டுச் சுரந்தால் சாதாரண விஷயமெல்லாம் அர்த்தம் பொதிந்ததாகத் தோன்றும். பக்கத்து வீட்டுக்காரர் இருமுவது ஒரு சைகை. செய்தி வாசிப்பவர் தன்னையே பார்த்துப் பேசுகிறார். என் தம்பிக்குத் தெருவில் போகும் பால்காரரின் மணியோசை ஓர் எச்சரிக்கையாக இருந்தது. அவனுடைய பயம் முழுக்க நிஜம். பயத்துக்கான காரணம் மட்டும்தான் நிஜமில்லை.

இது மனச்சிதைவு நோயின் (ஸ்கிட்சோஃப்ரினியா) தொடக்கமாக இருக்கலாம். இருதுருவ மனநோய் (பைபோலார்), கடுமையான மனச்சோர்வு, போதைப்பொருள், பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்கள், ஏன், மூளையில் வரும் அழற்சியாகக்கூட இருக்கலாம். முதல் சில மாதங்களில் நோயின் பெயரை மருத்துவர் உறுதியாகச் சொல்லாவிட்டால், அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்காதீர்கள். காலம் போகப் போகத்தான் அது தெளிவாகும்.

வயசுக் கோளாறா, நோயா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரும்பாலும் 15 வயதிலிருந்து 35க்குள் தொடங்குகிறது. அதனால்தான் குழப்பம். அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் கதவைச் சாத்திக்கொள்ளும், எரிந்து விழும், ராத்திரி முழுக்கப் போனைப் பார்க்கும்.

நான் பார்த்த வரையில் தூக்கம்தான் முதலில் போகிறது. அப்புறம் நண்பர்கள். அப்புறம் குளியல். நன்றாகப் படித்த பிள்ளைக்கு ஒரே செமஸ்டரில் நாலைந்து அரியர் விழும். தனியாகச் சிரிப்பது, முணுமுணுப்பது, ஜன்னலை எந்நேரமும் மூடி வைப்பது, போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டுவது, அம்மா போட்ட சாதத்தை முகர்ந்து பார்ப்பது என்று ஒவ்வொன்றாக வரும். இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். பல சேர்ந்து, பழைய ஆளே இல்லை என்று தோன்றி, வாரக்கணக்கில் நீடித்தால் காட்டிவிடுங்கள். காட்டி, ஒன்றுமில்லை என்று தெரிந்தால் ஒரு நாள்தானே போச்சு.

செய்வினையாக இருக்குமோ? கோயிலுக்கோ தர்காவுக்கோ போகக் கூடாதா?

நாங்கள் போனோம். குணசீலத்துக்குப் போனோம், குறி கேட்டோம், தாயத்துக் கட்டினோம். அதற்காக நான் வெட்கப்படவில்லை. அம்மாவுக்கு அந்த நாட்களில் நிற்க ஒரு தரை வேண்டியிருந்தது, சாமிதான் அதைக் கொடுத்தது.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு நிறைய மாறியது. இன்று ஏர்வாடி தர்காவிலேயே, பிரார்த்தனையை விடாமல் மருந்தும் எடுத்துக்கொள்ள வழி செய்யும் "தவா துவா" என்ற அரசுத் திட்டம் இருக்கிறது. தவா என்றால் மருந்து, துவா என்றால் பிரார்த்தனை. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம். 48 நாள் விரதம் முடியட்டும், அப்புறம் டாக்டரைப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. அடிப்பது, பட்டினி போடுவது, மிளகாய்ப் புகை காட்டுவது, கட்டி வைப்பது எதற்கும் சம்மதிக்காதீர்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவத்திலும் தடை செய்திருக்கிறது.

அப்படி என்ன அவசரம்? கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தால் என்ன?

இந்தப் பக்கத்தை நான் எழுதுவதே இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

அறிகுறி தெளிவாகத் தொடங்கிய நாளிலிருந்து சரியான சிகிச்சை தொடங்கும் நாள் வரை உள்ள இடைவெளியை மருத்துவர்கள் தனியாகக் கணக்கிடுகிறார்கள். அந்த இடைவெளி நீள நீள, குணமாவது மெதுவாகிறது, முழுமையாக மீள்வதும் கடினமாகிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. படிப்பு நிற்கிறது, நட்பு அறுகிறது, வேலை போகிறது. நோய் தணிந்த பிறகும் அவை தானாகத் திரும்பி வருவதில்லை.

நார்வேயில் ரோகலாண்ட் என்ற பகுதியில் 1990களின் பிற்பகுதியில் ஒரு முயற்சி நடந்தது. செய்தித்தாள், வானொலி, பள்ளிக்கூடங்கள் வழியாக அறிகுறிகளை மக்களுக்கு விளக்கினார்கள். சந்தேகம் இருந்தால் யாரும் நேரடியாகக் கூப்பிடக்கூடிய ஒரு குழுவையும் வைத்தார்கள். அப்படிச் செய்யாத பகுதிகளில் இந்த இடைவெளியின் நடுமதிப்பு, அதாவது பாதிப் பேருக்கு இதைவிடக் குறைவாகவும் பாதிப் பேருக்கு அதிகமாகவும் இருந்த அளவு, 16 வாரம். ரோகலாண்டில் 5 வாரம். பிறகு பிரசாரத்தை நிறுத்தியதும் அது மறுபடி 15 வாரத்துக்குப் போய்விட்டது. குழு அப்படியே இருந்தது, மருத்துவமனையும் அப்படியே இருந்தது. ஊருக்குச் சொல்வது மட்டும்தான் நின்றது. இதை முதன்முதலில் படித்த அன்று எங்கள் 11 மாதத்தை நினைத்து அழுதேன்.

இளைஞர்களுக்கென்று தனியாக, தொடக்கத்திலேயே பிடித்துச் சிகிச்சை தரும் மையம் 1992இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் பேட்ரிக் மெக்கோரி என்ற மனநல மருத்துவர் தலைமையில் தொடங்கியது. பிறகு பல நாடுகள் பின்பற்றின. இங்கிலாந்தில் 2016 முதல், முதல்முறை மனப்பிறழ்வு என்று பரிந்துரை வந்தால் இரண்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது அரசு வைத்திருக்கும் இலக்கு. சென்னையில் 1984இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்திலும் இதற்கென்று தனிப் பிரிவு உண்டு. ஸ்கார்ஃபும் கனடாவின் மான்ட்ரியல் மையமும் சேர்ந்து இரண்டு ஊர் நோயாளிகளை ஒப்பிட்டபோது, சிகிச்சையை நடுவில் விட்டுப் போனவர்கள் சென்னையில் குறைவு, குடும்பம் கூடவே நின்றதும் சென்னையில்தான் அதிகம். வசதி குறைந்த நம் ஊரில் நாம் கொடுக்கக்கூடிய பெரிய விஷயம் அது.

சரி, எங்கே போவது?

ஒன்றுமே தெரியவில்லை என்றால் 14416 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். டெலி மானஸ், மத்திய அரசின் இலவச மனநலச் சேவை. 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். வீட்டில் ஒருவர் நோயாளிக்காகப் பேசினாலும் வழி சொல்வார்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரை இலவசம். மாவட்ட மனநலத் திட்டக் குழு குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கு வருகிறது. எந்தக் கிழமை என்று பக்கத்து அரசு மருத்துவமனையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794இல் தொடங்கியது. அதன் பெயரைக் கேட்டுப் பயப்படுகிறவர்கள் அதிகம், ஆனால் அங்கே தினமும் எத்தனையோ பேர் புறநோயாளியாக வந்து, மருந்து வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள்.

"எனக்கு ஒண்ணுமில்ல, உங்களுக்குத்தான் பைத்தியம்" என்கிறான். எப்படிக் கூட்டிப்போவது?

நாங்கள் செய்த தவறைச் சொல்கிறேன். மாமா வீட்டுக்குப் போகிறோம் என்று பொய் சொல்லி ஆட்டோவில் ஏற்றினோம். மருத்துவமனை வாசலில் அவன் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. ஏற்கெனவே உலகமே தனக்கெதிராகச் சதி செய்கிறது என்று நம்புகிறவனிடம், அது உண்மைதான் என்று நாங்களே நிரூபித்துவிட்டோம். அந்த நம்பிக்கையைத் திரும்பப் பெற ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

அவருக்கே தொல்லையாக இருப்பது எது என்று பாருங்கள். பெரும்பாலும் தூக்கம்தான். "உனக்கு நோய், வா" என்பதற்குப் பதில், "நாலு நாளா தூங்கலையே, உடம்பு என்னத்துக்கு ஆகும்? அதுக்கு மட்டும் ஒரு டாக்டரைப் பார்ப்போம். நானும் கூட வர்றேன், நீயே பேசு" என்று சொல்லுங்கள். இது பொய்யில்லை. வீட்டில் யார் சொன்னால் கேட்பார் என்றும் யோசியுங்கள். அப்பாவைவிடச் சித்தப்பா சொன்னால் கேட்கும் பிள்ளைகள் உண்டு. ஒரே நாளில் நடக்காது. அதற்குள் நீங்கள் மட்டும் போய் மருத்துவரைப் பார்த்து வரலாம்.

தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலை, அல்லது சாப்பிடாமல் கொள்ளாமல் தன்னைக் கவனிக்கவே முடியாத நிலை என்றால், 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் சம்மதம் இல்லாமலும் சேர்க்க வழி உண்டு. அவருடைய நியமனப் பிரதிநிதி, பெரும்பாலும் வீட்டிலுள்ள ஒருவர், விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு நிபுணர்கள் தனித்தனியே பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். முதலில் அதிகபட்சம் 30 நாள்.

முதல் சந்திப்பில் என்ன நடக்கும்?

நிறையப் பேச்சு. ஒரு நோட்டில் எப்போது தூக்கம் கெட்டது, எப்போது கல்லூரிக்குப் போவதை நிறுத்தினார், என்ன சொன்னார் என்று தேதியோடு எழுதிக்கொண்டு போங்கள். அந்தப் பதற்றத்தில் பாதி மறந்துபோகும். ரத்தப் பரிசோதனை, தைராய்டு, சர்க்கரை எல்லாம் எடுப்பார்கள். தேவைப்பட்டால் மூளை ஸ்கேன். எடையையும் இடுப்பளவையும் குறித்து வைக்கச் சொல்லுங்கள், பிறகு மருந்தால் கூடுகிறதா என்று ஒப்பிட உதவும்.

மாற்றம் சில நாளிலேயே சட்டென்று வந்து, கூடவே காய்ச்சல், வலிப்பு, தலைவலி, நினைவு தடுமாறுவது ஏதாவது இருந்தால் காத்திருக்காமல் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பிரசவமாகி சில நாட்களோ வாரங்களோ ஆன பெண்ணுக்கு இப்படி வந்தாலும் அன்றே போக வேண்டும். தாயையும் குழந்தையையும் தனியாக விடக் கூடாது.

மாத்திரை வெறும் தூக்க மருந்துதானே? பழகிப்போய் அடிமையாகிவிட மாட்டானா?

இல்லை, இரண்டும் இல்லை. ரிஸ்பெரிடோன், ஒலான்சபைன், அரிபிப்ரசோல் போன்றவை டோபமைன் ஓட்டத்தைச் சீர்ப்படுத்துகின்றன. மது, கஞ்சா போல இன்னும் வேண்டும் என்ற ஏக்கத்தை இவை உண்டாக்குவதில்லை. முதல்முறை நோய்க்குக் குறைந்த அளவே பெரும்பாலும் போதும். தூக்கமும் பதற்றமும் சில நாளில் தணியும். குரலும் சந்தேகமும் அடங்க வாரங்கள் ஆகும். பத்து நாளில் குரல் போகவில்லை என்று டாக்டரை மாற்றாதீர்கள். இரண்டு மருந்துகளைப் போதுமான அளவில், போதுமான காலம் கொடுத்தும் சரியாகவில்லை என்றால் க்ளோசபைன் என்ற மருந்து இருக்கிறது. அதற்குத் தொடர்ந்து ரத்தப் பரிசோதனை அவசியம்.

பக்கவிளைவுகள் உண்டு, அவற்றை மறைத்துச் சொல்வது நல்லதில்லை. எடை ஏறும், பசி அதிகமாகும், கை நடுங்கும். சிலருக்கு ஓரிடத்தில் உட்கார முடியாமல் கால் பரபரக்கும். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகலாம். ஆண்களுக்குப் பாலுறவில் சிரமம் வரலாம். அதை வாய்விட்டுச் சொல்லக் கூசித்தான் பலர் சத்தமில்லாமல் மாத்திரையை நிறுத்துகிறார்கள். அந்தப் பேச்சுக்கு நோயாளி மருத்துவரோடு தனியாக இருக்க வேண்டும், நீங்கள் வெளியே வந்துவிடுங்கள். முதல் நாட்களில் கழுத்து இழுத்துக்கொண்டாலோ, கண் மேலே செருகினாலோ உடனே மருத்துவமனைக்குப் போனால் ஓர் ஊசியில் சரியாகும். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். எல்லாவற்றுக்கும் வழி உண்டு, சொன்னால்தான்.

தெரியாமல் காபியிலோ சாம்பாரிலோ கலந்து கொடுக்கலாமா?

எங்கள் கூட்டத்தில் தயங்கித் தயங்கி, தலையைக் குனிந்துகொண்டு கேட்கப்படும் கேள்வி இது. எத்தனையோ அம்மாக்கள் செய்கிறார்கள். கையறு நிலையில் செய்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனாலும் வேண்டாம். "சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள்" என்பதே அவருடைய நோயாக இருக்கும்போது, ஒருநாள் அது தெரியவந்தால் உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டார். பக்கவிளைவு வந்தால் எதனால் என்று அவருக்குப் புரியாது. மருந்தால்தான் குணமானோம் என்பதும் தெரியாமலே போகும். ஏற்கெனவே கலந்துகொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல், இன்றைக்கே மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். வாயில் கரையும் மாத்திரை உண்டு, இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. தினமும் மாத்திரைக்காகச் சண்டை போடுவதைவிட, மாதம் ஒரு ஊசியைத் தாங்களே தேர்ந்தெடுத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

நல்லாயிட்டான். எப்போது நிறுத்தலாம்?

நல்லாயிருப்பது மாத்திரையாலும்தான். முதல்முறை நோயிலிருந்து மீண்டவர்களை ஐந்து ஆண்டு தொடர்ந்து கவனித்து 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்காக இருந்தது. அறிகுறி அடங்கிய பிறகு குறைந்தது ஒன்றிரண்டு வருடமாவது தொடரச் சொல்வது வழக்கம். அதற்குப் பிறகு நிறுத்துவதானால் மருத்துவர் சொல்படி மாதக்கணக்கில் மெல்லக் குறைக்க வேண்டும். சிலருக்கு இது வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் வருகிறது. யாருக்கு அப்படி என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததுதான் சிக்கல்.

குரல் கேட்கிறது என்றால் நான் என்ன பதில் சொல்வது?

வாதாடாதீர்கள். ஆமாம் போடவும் வேண்டாம். "நீ சாப்பாட்டுல விஷம் வெச்சிருக்க" என்றால், "அடப்பாவி, பெத்தவ வெப்பாளா?" என்று அழுவது இயல்பு. ஆனால் உதவாது. "உனக்கு அப்படித் தோணுதா? அப்படித் தோணினா ரொம்பப் பயமா இருக்குமே. நான் எதுவும் கலக்கல. வேணும்னா நீயே பரிமாறிக்கோ, நானும் கூட உக்கார்றேன்" என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். டிவியை நிறுத்துங்கள். ஒரே நேரத்தில் நாலு பேர் பேசாதீர்கள்.

குரலெல்லாம் போயிடுச்சு. ஆனால் நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறான். சோம்பேறித்தனமா?

அப்பாக்கள் பொறுமையிழப்பது இந்தக் கட்டத்தில்தான். நோயின் சத்தம் நின்றுவிட்டது, அதனால் நோயே போய்விட்டது என்று நினைக்கிறோம். ஆர்வம் வற்றிப்போவது, முகத்தில் உணர்ச்சி தெரியாமல் போவது, ஒரு வேலையைத் தொடங்கவே முடியாமல் போவது இவையும் நோயின் பகுதிதான். சில சமயம் மருந்தின் மந்தம், சில சமயம் நடந்ததை நினைத்து வரும் மனச்சோர்வு. எது என்று மருத்துவர் பார்த்துச் சொல்வார். மாத்திரை இதை அவ்வளவாகத் தொடாது.

இங்கேதான் மற்ற உதவிகள் வேண்டும்: உளவியல் ஆலோசனை, குடும்பத்துக்கான வகுப்பு, படிப்புக்கோ வேலைக்கோ திரும்பக் கைகொடுக்கும் சமூகப் பணியாளர். வீட்டிலும் சிறியதாகத் தொடங்குங்கள். என் தம்பி முதல் மூன்று மாதம் செய்த ஒரே வேலை, சாயங்காலம் மாடிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது. பிறகு கடைக்குப் போனான். ஒரு வருடம் கழித்து, குறைந்த பாடங்களோடு கல்லூரிக்குத் திரும்பினான். துறைத் தலைவரிடம் உண்மையைச் சொன்னோம், அவர் யாரிடமும் சொல்லாமல் உதவினார். "உன் வயசுப் பையன் பாரு" என்ற ஒப்பீட்டை மட்டும் நிறுத்துங்கள். ஓயாத குறைகூறல் இருக்கும் வீட்டில் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள்.

ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?

ஆகாது. கல்யாணச் செலவும் தூக்கம் கெட்ட இரவுகளும் புது உறவின் பதற்றமும் நோயைத் திரும்ப அழைக்கும். மறைத்துச் செய்ததால், மாத்திரையை ஒளித்துவைத்து, பிறகு விட்டு, மூன்றே மாதத்தில் நிலைகுலைந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுவதும் பெரும்பாலும் பெண்கள்தான். முழுக்கத் தேறி, தானே விரும்பி, எதிர்த் தரப்புக்கு எல்லாம் சொல்லிச் செய்கிற கல்யாணம் வேறு விஷயம். அப்படி நன்றாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கஞ்சாவால் வந்ததா?

அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சிறு வயதில் தொடங்கியிருந்தால், அடிக்கடி புகைத்தால் ஆபத்து கூடுகிறது. மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், அவர் போலீஸ் இல்லை. மீண்ட பிறகும் தொடர்ந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம்.

ஷாக் கொடுப்பார்களா?

எல்லோருக்கும் இல்லை. சாப்பாடு தண்ணீர் இல்லாமல் உறைந்துபோன நிலையிலோ, உயிருக்கு ஆபத்தான மனச்சோர்விலோ பரிந்துரைக்கலாம். மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்ய வேண்டும் என்பது சட்டம்.

"செத்துப்போகலாம்னு இருக்கு" என்கிறாள். மிரட்டலா?

மிரட்டல் என்று ஒருபோதும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நோயின் முதல் ஆண்டில் இந்த ஆபத்து அதிகம். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் வாரங்களில் இன்னும் கவனம் வேண்டும். "சாகணும்னு தோணுதா? குரல் அப்படிச் சொல்லுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வராது, பாரம்தான் இறங்கும். தனியாக விடாதீர்கள். மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டிவையுங்கள். உடனடி ஆபத்து என்றால் 108, பேச வேண்டும் என்றால் 14416.

இன்னொரு பிள்ளை இருக்கிறது. அவளுக்கும் வருமா? அவளிடம் என்ன சொல்வது?

மனச்சிதைவு நோய் பொதுவாக 100 பேரில் ஒருவருக்கு வருகிறது. உடன்பிறந்தவருக்கு இருந்தால் அது ஏறக்குறைய 9 பேராகிறது. அதாவது 91 பேருக்கு வருவதில்லை. அவள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல், போதைப்பொருள் பக்கம் போகாமல் இருக்கட்டும். மாற்றம் தெரிந்தால் சீக்கிரம் காட்டுங்கள், அவ்வளவுதான்.

அவளிடம் உண்மையைச் சொல்லுங்கள், அவள் வயதுக்குப் புரிகிற மாதிரி. எங்கள் வீட்டில் அந்த இன்னொரு பிள்ளை நான்தான். முதல் மாதம் என்னைப் பரீட்சைக்குப் படி என்று தஞ்சாவூரில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போன் செய்தால் "அவன் தூங்குறான்மா" என்பார் அப்பா. ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறான் என்பது திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து ராத்திரி இரண்டு மணிக்கு அவனோடு மொட்டை மாடியில் உட்காருவேன். நான் எதுவும் கேட்டதில்லை. பால்காரர் மணியைப் பற்றி அவனாகவே அங்கேதான் என்னிடம் சொன்னான்.